உப்புத்தாள் போட்ட துப்பாக்கி

போனை எடுத்ததும் அவன் நலம்கூட விசாரிக்கவில்லை. "அக்கா, நம்ம ஊட்டுத் துப்பாக்கியக் கேக்கறாங்க" என்றான். சாயங்காலம் ஐந்து மணி. நான் ஆபீஸில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தேன். அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அவன் பழவேற்காட்டில் என் தம்பியோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன். பாலத்துக்கு அந்தப் பக்கம், கடலோரக் குப்பத்தில் வீடு. ஒரு ஃபைபர் படகு, ஏரியில் முறைவைத்து வலை கட்டுகிற ‘பாடு’ என்கிற ஏற்பாட்டில் ஒரு பங்கு, அவ்வளவுதான் சொத்து. நாங்கள் டவுனில் பழைய வியாபாரக் குடும்பம். கல்யாணமாகி நான் சென்னைக்கு வந்து முப்பது வருடம் ஆகிறது. ஆனாலும் அவனுக்கு நான் அக்காதான். மூக்குக்கு மேல் கோபம் வருகிற அக்கா என்று என் தம்பியிடம் சொல்வானாம்.

விஷயம் இதுதான். ஏரியில் இரண்டு பூநாரைகள் குண்டடி பட்டுச் செத்துக் கிடந்திருக்கின்றன. வனத்துறையும் போலீஸும் குப்பம் குப்பமாக விசாரித்தார்கள். அவன் வீட்டில் தாத்தா காலத்துத் துப்பாக்கி ஒன்று இருப்பது ஊருக்கே தெரியும். அவர்களாகத் தேடி வந்து எடுத்தால் ஊருக்குக் கெட்ட பெயர், நீயே போய்ச் சொல்லிவிடு என்று ஊர்ப் பஞ்சாயத்தார் சொல்ல, அவனும் ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லிவிட்டான். மறுநாள் காலை பதினோரு மணிக்கு எஸ்.ஐ. வீட்டுக்கு வந்து பார்ப்பதாக ஏற்பாடு. சுடுகிற துப்பாக்கியை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் நேராகப் புழல் ஜெயில்தான் என்று அங்கிருந்த ஏட்டு போகிற போக்கில் சொல்லி அனுப்பியிருக்கிறார். அதை அவன் இரண்டு தடவை சொன்னான்.

நான் ஒரு அருங்காட்சியகத்தில் ஆயுதப் பிரிவின் பதிவாளர். பெயர் பெரிதாக இருக்கிறதே தவிர, வேலை அட்டை எழுதுவதுதான். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு அட்டை. என்ன பொருள், எங்கே செய்தது, எந்தக் காலம், என்ன சேதம், சேதத்துக்குக் காரணம் என்ன. கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் என்னைத் துப்பாக்கிக்காரி என்று கிண்டல் செய்வார்கள். நான் தீபாவளித் துப்பாக்கியைக்கூடச் சுட்டதில்லை. ஆனால் இருபத்தாறு வருடத்தில் ஒரு அட்டையிலும் பொய் எழுதியதில்லை. அந்தப் பெருமை எனக்கு உண்டு, இல்லை, இருந்தது.

அவன் வீட்டுத் துப்பாக்கியை நான் ஐந்து வருடத்துக்கு முன்பே பார்த்திருக்கிறேன். தம்பி வீட்டுக்குப் போயிருந்தபோது ஆயுத பூஜை வந்தது. பொரிகடலை வாங்கிக்கொண்டு போ என்று அவன் என்னை வீட்டுக்கு இழுத்துப் போனான். படகு என்ஜின், நங்கூரம், அரிவாள்மனை எல்லாவற்றுக்கும் நடுவில், பொட்டு வைத்துக்கொண்டு அது படுத்திருந்தது. அவன் தாத்தா, வாத்து சுட வந்த வெள்ளைக்காரர்களுக்குப் படகு தள்ளியவர். அதில் ஒருவர் ஊரைவிட்டுக் கிளம்பும்போது கொடுத்துவிட்டுப் போனதாம். அன்றிலிருந்து அதை யாரும் சுட்டதில்லை. ஆனால் வருடா வருடம் துடைத்து எண்ணெய் விட்டார்கள். தாத்தா மீன் எண்ணெய் விட்டார், அவன் நைனா தேங்காய் எண்ணெய் விட்டார், இவன் என்ஜின் ஆயில் விடுகிறான். உப்புக்காற்றில் ஒரு வாரம் விட்டால் இரும்பு பொரிந்துபோகும். இரும்பைப் பட்டினி போடக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம்.

கையில் எடுத்து, குழலின் பின்பக்கத்தை மூடுகிற போல்டைத் திறந்ததும் எனக்கு விளங்கிவிட்டது. போல்டின் முகத்தில், சுட்ட தோட்டாக்கூட்டைப் பிடித்து இழுக்கிற கொக்கி இல்லை. நடுவில் ஒரு சின்ன ஓட்டை மட்டும் இருந்தது. இது ஊசித் துப்பாக்கி. இதற்குத் தோட்டா காகிதத்தில் சுற்றியது. வெடிக்க வைக்கிற மருந்து தோட்டாவின் பின்னால் இல்லாமல் உள்ளே, குண்டுக்கு அடியில் இருக்கும். விசையை அழுத்தினால் நீளமான ஊசி ஒன்று அந்த ஓட்டை வழியாகப் பாய்ந்து, காகிதத்தைக் குத்தி, கருமருந்தைக் கடந்து போய் அதைத் தொடவேண்டும். பித்தளைத் தோட்டா வந்த பிறகு இந்த வகை வழக்கொழிந்தது. குழலின் மேல் தங்கக் கம்பி பதித்த ஜெர்மன் எழுத்துகளில் செய்தவர் பெயரும் ஊரும் இருந்தன. அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. மியூசியத்துக்கு வாங்கிக்கொள்ள நான் கடிதம் போடுகிறேன், கலெக்டர் ஆபீஸ் வழியாக முறையாக வரும், உனக்கும் தொல்லை இல்லை என்றேன். அவன் மனைவி உடனே தலையாட்டினாள். வீட்டில் துப்பாக்கி இருப்பது அவளுக்கு எப்போதுமே பிடிக்காது.

அந்தக் கடிதத்தை நான் எழுதவே இல்லை. முதல் வருடம் வேலை, அடுத்த வருடம் மகள் கல்யாணம், அதற்கப்புறம் வெறும் சோம்பேறித்தனம். எழுதியிருந்தால் இந்தப் போன் வந்திருக்காது.

அதனால் போனில் என்னால் அவனைத் திட்டக்கூட முடியவில்லை. சுட முடியாத பழங்காலத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று சட்டத்தில் இடம் இருக்கிறது என்றேன். ஆனால் பழசு என்று வாயால் சொன்னால் ஆகாது. எந்த நாடு, எந்தக் காலம், எப்படி வேலை செய்கிறது, ஏன் சுடாது என்று விவரம் தெரிந்தவர் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். அந்தத் தங்க எழுத்து ஒன்றே போதும், பாதி வேலை முடிந்துவிடும், யார் கேட்டாலும் கொடுக்காதே, காலையில் நான் வந்துவிடுகிறேன் என்றேன். அதைத் தொடாதே என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.

விடிந்ததும் கிளம்பிப் பொன்னேரியில் பஸ் மாறினேன். திருப்பாலைவனத்தில் பஸ் கால் மணி நேரம் நின்றது. டிரைவர் இறங்கி டீ குடித்தார். பழவேற்காட்டில் ஷேர் ஆட்டோ கிடைக்காமல் இன்னொரு கால் மணி. பாலத்தில் போகும்போது ஏரியில் பூநாரைகள் எப்போதும்போல நின்றுகொண்டிருந்தன. எனக்கு அவற்றின் மேல்கூட எரிச்சலாக வந்தது. குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தேகால்.

அவன் அன்றைக்கு ஏரியில் வலை கட்டுகிற தன் முறையை விட்டுவிட்டு, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றான். உள்ளே பாயில் புது வேட்டி விரித்து, அதன்மேல் துப்பாக்கியை வைத்திருந்தான். அது வெள்ளிப் பாத்திரம்போலப் பளபளத்தது. குழலின் பழுப்பு இல்லை. தங்க எழுத்து இல்லை. ஊர்ப் பெயர் இல்லை. விரலால் தடவிப் பார்த்தேன், வழுவழுவென்று போனது. பக்கத்தில் தேய்ந்துபோன உப்புத்தாள் நாலைந்து கிடந்தது.

நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் எழுந்து ஓடியது. அறிவிருக்கிறதா உனக்கு, உன்னைக் காப்பாற்றுகிற சாட்சியை உன் கையாலேயே அழித்துவிட்டாயே, தாத்தா காத்தார், நைனா காத்தார், நீ ஒரே நாளில் கெடுத்துவிட்டாயே என்று வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். அவனுக்கு முதலில் புரியவே இல்லை.

"ஆபீசருங்க பாக்க வர்றாங்கக்கா. அழுக்கோடயா காட்டுவாங்க?" என்றான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மீன்பிடித் தடைக்காலத்தில் வருடத்துக்கு ஒருமுறை அதிகாரிகள் வந்து படகுகளைச் சோதிப்பார்கள். அதற்கு முன் குப்பமே படகைக் கவிழ்த்துப் போட்டு, ஒட்டிய சிப்பியைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயின்ட் அடித்து, எண்ணெய் பூசி நிறுத்தும். சுத்தமான படகென்றால் ஒழுங்கான ஆள். அழுக்குப் படகென்றால் ஆயிரம் கேள்வி. அதிகாரி வருகிறார் என்றால் அவனுக்குத் தெரிந்த ஒரே தற்காப்பு அதுதான். முதல் நாள் சாயங்காலம் என் போனை வைத்ததும் தேய்க்க உட்கார்ந்தவன், தோள் வலிக்க வலிக்கத் தேய்த்திருக்கிறான். தங்க எழுத்தைப் பற்றி நான் சொன்னது அந்தப் பயத்தில் அவன் காதில் ஏறவே இல்லை.

எழுத்து போனது மட்டும் பிரச்சினை இல்லை. துப்பாக்கியில் உள்ள அடையாளத்தை அழிப்பதே தனிக் குற்றம். இப்போது பார்க்கிறவருக்கு இது நம்பரைத் தேய்த்து அழித்த துப்பாக்கி. நேற்றுவரை பழம்பொருளாக இருந்ததைத் திருட்டுத் துப்பாக்கியாக மாற்றி வைத்திருந்தான். இதை அவனிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். அவன் சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்தான். அவன் மனைவி அடுப்படியிலிருந்து வந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

எஸ்.ஐ. சொன்ன நேரத்துக்கு வந்தார். தெற்கத்திக்காரர், இளவயது, கூட ஒரு ஏட்டு. நான் யார் என்று அவனைத்தான் கேட்டார், என்னைக் கேட்கவில்லை. என் அடையாள அட்டையை நீட்டினேன். இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டு, துப்பாக்கியைப் பற்றி ஒரு பெண்பிள்ளை எழுதித் தருவதா என்கிற முகத்தோடு திருப்பிக் கொடுத்தார். பிறகு துப்பாக்கியைப் பார்த்தார். எதிர்பார்த்த கேள்வியே வந்தது. ஏன் இதைப் புதிதாகத் தேய்த்தாய்? எந்த நம்பரை அழித்தாய்?

அவன் வாயைத் திறப்பதற்கு முன் நான் புகுந்தேன். அழிந்தது மேலே உள்ள எழுத்து மட்டும், உள்ளே இருப்பதை யாரும் தொடவில்லை, ஒரு ஸ்க்ரூ டிரைவர் கொடுங்கள் என்றேன். குழலை மரக்கட்டையிலிருந்து பிரித்தால் அடிப்பாகம் தெரியும். அங்கே உப்புத்தாள் போயிருக்காது. அங்கே ஏதாவது இருக்கவேண்டும். இல்லாவிட்டால் அவன் கதி அதோகதி.

என்ஜினுக்கு வைத்திருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கொண்டுவந்தான். நுனி பருமனாக இருந்ததால் கல்லில் தேய்த்து மெலிதாக்கவேண்டியிருந்தது. எஸ்.ஐ. இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். முதல் திருகு திரும்பியது. இரண்டாவது அசையவில்லை. கட்டை ஈரத்தில் ஊதிப்போய் இரும்பைக் கவ்விக்கொண்டிருந்தது. ஏட்டு சுத்தியலால் தட்டலாம் என்றார். தொட்டீர்கள் என்றால் தெரியும் என்று நான் சொன்ன தொனியில் அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். சொட்டு சொட்டாக எண்ணெய் விட்டுப் பத்து நிமிஷம் காத்திருந்தேன். எண்ணெய்ப் பிசுக்கில் ஸ்க்ரூ டிரைவர் வழுக்கியது. கடைசியில் திருகு கிரீச்சென்று திரும்பியது.

குழலின் அடியில் மூன்று இலக்க எண் ஒன்று, கையால் வெட்டியது, தெளிவாக இருந்தது. போல்டின் அடியிலும் அதே எண். கட்டையின் உட்குழிவில் அதே எண். மூன்றும் சேர்ந்தே பிறந்தவை, இது கோத்துக் கட்டிய கள்ளத்துப்பாக்கி இல்லை, எந்த நம்பரும் அழிக்கப்படவில்லை என்று விளக்கினேன். எஸ்.ஐ. முதல்முறையாகக் குனிந்து பார்த்தார்.

அதன்பின் எனக்குத் தைரியம் வந்தது. கட்டையில் கன்னம் வைத்துக் குறிபார்க்க ஒரு மேடு, விசையைச் சுற்றி இரும்புக்குப் பதிலாக எருமைக் கொம்பில் செய்த காப்பு, விசை ஒன்றுக்குப் பதில் இரண்டு. பின்னதை இழுத்து வைத்தால் முன்னது தொட்டாலே விழும். இது சிப்பாய் தூக்குகிற துப்பாக்கி இல்லை, ஜெர்மன் வேட்டைக்காரர் கேட்டு வாங்குவது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் அந்த நாட்டில் ஒரு சட்டம் வந்தது. எல்லாக் குழலையும் சோதித்துக் கிரீட முத்திரை குத்தவேண்டும். அந்த முத்திரையை அநேகமாகக் குழலின் அடியில்தான் குத்துவார்கள். இதில் அது இல்லை. ஆகவே சட்டத்துக்கு முந்தியது. ஊசிமுறை என்பதால் அதற்கும் இருபது முப்பது வருடம் முன்னால் வைக்கலாம். குழலுக்குள்ளே முறுக்கு வரி இருக்கிறது, ஒற்றைக் குண்டு போடுவது, பறவைக்குப் போடுகிற ரவைக்குண்டு இதற்கு ஆகாது. ஒவ்வொன்றையும் விரல் வைத்துக் காட்டினேன். எஸ்.ஐ.க்குச் சுவாரசியம் வந்துவிட்டது, கொம்புக் காப்பைத் தட்டிக்கூடப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மேடம், வரலாறெல்லாம் சரி. எனக்கு ஒண்ணுதான் வேணும். இது சுடுமா, சுடாதா? சுடாதுன்னு எழுதுனா மியூசியத்துக்கு ஒப்படைச்சதா முடிச்சிருவேன். சுடும்னா கேஸ் போடாம இருக்க முடியாது."

உள்ளே திறந்து பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அதே நேரம் அவர் போன் அடித்தது. அந்த வீட்டுக்குள் சிக்னல் நிற்காது. பேசிக்கொண்டே படகுகள் பக்கம் போனார். ஏட்டும் கூடப் போனார். கைகாட்டிக் கூப்பிட்டதால் அவனும் போனான்.

நான் போல்டின் பின்பக்கத்தை அழுத்தி உள்ளே இருப்பதை உருவினேன். மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். இந்த வகைத் துப்பாக்கியில் முதலில் போவது ஊசிதான். வெடிக்குள்ளேயே போய் நிற்பதால் அது துருவேறி முறியும். அந்தக் காலத்துச் சிப்பாய்கள் மாற்று ஊசி வைத்துக்கொண்டு திரிந்தார்கள். மியூசியத்தில் என்னிடம் உள்ள இரண்டிலும் ஊசி இல்லை. நூற்றைம்பது வருடம், இந்த உப்புக்காற்று, இதிலும் இருக்காது.

இருந்தது. ஒரு ஜாண் நீளம், துருவில்லாமல், வளையாமல், எண்ணெய் மினுங்க இருந்தது. சுருள்வில்லை அழுத்தினேன், புதிதுபோலத் துள்ளியது. மூன்று தலைமுறை விட்ட எண்ணெய் உள்ளே இறங்கி அதை அப்படியே காத்திருந்தது. முழுதாக இருக்கிற ஒரு ஊசியை நான் வாழ்க்கையில் முதல்முறையாகக் கையில் பிடித்தேன். இன்னொரு நாளாக இருந்தால் அழுதிருப்பேன். காகிதத்தைச் சுற்றிக் கருமருந்து அடைக்கத் தெரிந்த ஒருவன் இதைச் சுட்டுவிடுவான். சுடாது என்று நான் எழுத முடியாது. எழுதினால் பொய். சுடும் என்று எழுதினால், அதோ மணலில் கைகட்டி நிற்கிறவன் புழலுக்குப் போவான். ஜாமீன் எடுக்க அவனுக்கு ஒரு வக்கீலைக்கூடத் தெரியாது.

அவன் மனைவி டீ டம்ளரோடு வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், ஊசியைப் பார்த்தாள். "இதான் ஒடைஞ்சிருக்கணுமா?" என்று கேட்டாள். அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வாசற்படியில் போய், வெளியே பார்த்தபடி, முந்தானையை விரித்து உதறிக்கொண்டு நின்றாள். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு உள்ளே ஒன்றும் தெரியாது.

கதவின் கீலிடுக்கில் ஊசியின் நுனிப்பக்கத்தைச் செருகி வளைத்தேன். அது முறியவில்லை, வளைந்தது. மறுபக்கம் வளைத்தேன். மூன்றாவது தடவை டிக்கென்று ஒரு சின்னச் சத்தம். முறிந்த முகம் வெள்ளையாக மின்னியது. புது முறிவு எப்படி மின்னும் என்று எனக்குத் தெரியும், அதை எப்படி மறைப்பது என்றும் தெரியும். பழந்துணியில் இருந்த கறுப்பு ஆயிலையும் துருவையும் குழைத்துப் பூசினேன். அவள் திரும்பாமலே பின்னால் கையை நீட்டினாள். விரலளவு நுனித்துண்டை அந்தக் கையில் வைத்தேன், மூடிக்கொண்டாள். மீதியை உள்ளே தள்ளி மூடினேன். படுகொலை செய்ததுபோல இருந்தது. ஒன்றரை மணி நேரத்துக்கு முன் ஒருவனை எழுத்தைத் தேய்த்ததற்காக அப்படிக் கத்தியவள் நான்.

எஸ்.ஐ. வந்தார். ஊசி முறிந்திருக்கிறது, இதைச் செய்கிறவர்கள் இன்றைக்கு யாரும் இல்லை, தோட்டாவும் கிடையாது, சுடாது என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. போல்டைத் திறந்து காட்டினேன், அவர் முறிந்த முனையை எட்டிப் பார்த்துத் தலையாட்டினார். இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஏட்டு துப்பாக்கியைப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டார். ஸ்டேஷனில் பதிவு செய்து முறைப்படி மியூசியத்துக்கு அனுப்பிவைப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஜீப் கண்ணில் மறையும்வரை அவன் நின்றான். தப்பித்துவிட்டான், சிரிக்கவேண்டும். அவன் என் பக்கம் திரும்பினான்.

"நான் தேய்ச்சதுலதான் முறிஞ்சிச்சாக்கா?"

அவன் மனைவி என்னைப் பார்த்தாள். அவனுக்கு வாயில் ரகசியம் நிற்காது, அது எங்கள் இருவருக்கும் தெரியும். உண்மையைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் குப்பத்துக்கே தெரியும், மறுநாள் ஸ்டேஷனுக்குத் தெரியும். இருக்கலாம் என்றேன். அவன் மணலில் உட்கார்ந்து, தாத்தா கொடுத்தது என் கையில் வந்துதானா கெடவேண்டும் என்று அழுதான்.

துப்பாக்கி வந்து சேர நான்கு மாதம் ஆனது. அட்டையை நானே எழுதினேன். சேதம்: குழலின் மேல் எழுத்துகள் தேய்க்கப்பட்டுள்ளன, ஊசி முறிந்துள்ளது. காரணம் என்ற இடத்தில் எழுத்துகளுக்கு உப்புத்தாள் என்று எழுதினேன். ஊசிக்குத் தெரியவில்லை என்று எழுதினேன்.

போன ஆயுத பூஜை முடிந்த மறுவாரம் அவன் சென்னைக்கு வந்தான். மியூசியத்தில் துப்பாக்கி வைத்த கண்ணாடிப் பெட்டிக்கு முன் செருப்பைக் கழற்றிவிட்டு ரொம்ப நேரம் நின்றான். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு பேப்பர் பொட்டலத்தை எடுத்தான். உள்ளே ஒரு ஊசி. சைக்கிள் போக்ஸ் கம்பியைத் தேய்த்துத் தேய்த்து, நுனி கூராக்கி, எண்ணெய் பூசியிருந்தான். பக்கத்தில் அந்த முறிந்த துண்டும் இருந்தது. அடுப்புச் சாம்பலில் கிடந்தது, தேய்க்கும்போது தெறித்து விழுந்திருக்கும் என்று மனைவி கொடுத்தாளாம். அதைப் பக்கத்தில் வைத்துத்தான் பருமன் பார்த்தானாம்.

"நான்தான முறிச்சேன், நானே போட்டுத் தர்றேன்கா. நீளந்தான் தெரியல. நீ பாத்து வெட்டிக்கோ."

துண்டையும் கம்பியையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன். பருமன் இம்மி பிசகவில்லை. நன்றாக இருக்கிறது என்றேன். அவனுக்கு முகம் மலர்ந்தது. கேன்டீனில் சாப்பாடு வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

வந்ததும் அட்டையை எடுத்தேன். தெரியவில்லை என்பதை அடித்துவிட்டு, பதிவாளர் கையால் முறிக்கப்பட்டது என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். யாராவது எடுத்துப் படித்தால் படிக்கட்டும், வருவதைப் பார்த்துக்கொள்கிறேன். அவன் செய்த ஊசி என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அவனிடம் சொல்ல மட்டும் எனக்கு இன்னும் வாய் வரவில்லை.